ஏறும் வெப்பம், பெருகும் நோய்

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்துக் கருத்துணர்ந்திடுக.

முன்னுரை

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர் நம் முன்னோர். ஒருவர் நோயின்றி வாழ்வது அவர் உண்ணும் உணவையும் செய்யும் உடற்பயிற்சியையும் மட்டும் பொறுத்ததன்று. அவர் வாழும் இடத்தின் வெப்பம், பெய்யும் மழை, தேங்கும் நீர், சுற்றியுள்ள காடு ஆகியவையும் அவரது உடல்நலத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் ஒன்று மாறினாலும் நோய்களின் போக்கு மாறிவிடும்.

இன்று இவை அனைத்தும் ஒரே நேரத்தில் மாறி வருகின்றன. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு ஆகியவற்றை மனிதன் பெருமளவில் எரிப்பதால் கரிவளி வளிமண்டலத்தில் சேர்ந்து பூமியைச் சூடாக்குகிறது. தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தோடு ஒப்பிடுகையில், 2024ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 1.55 பாகை செல்சியஸ் கூடுதலாக இருந்ததென உலக வானிலை அமைப்பு அறிவித்தது. மலேசியாவிலும் ஒவ்வொரு பத்தாண்டிலும் வெப்பநிலை 0.13 முதல் 0.24 பாகை வரை உயர்ந்து வந்துள்ளது.

ஒன்றரைப் பாகை என்பது சிறிய அளவுதானே என நமக்குத் தோன்றலாம். நமக்கு வியர்த்தால் மின்விசிறியைச் சுழலவிடுகிறோம். ஆனால், ஒரு கொசுவின் வாழ்வில் ஒன்றிரண்டு பாகை பெரும் மாற்றத்தை ஏற்படுத்திவிடும். பருவநிலை மாற்றம் தொற்றுநோய்களை எவ்வாறு பாதிக்கிறது என்பதை, நம் நாட்டினர் நன்கறிந்த டிங்கிக் காய்ச்சலை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

கிள்ளான் கற்பித்த பாடம்

சுற்றுச்சூழல் மாறினால் நோயும் மாறும் என்னும் உண்மை நம் நாட்டுக்குப் புதிதன்று. ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன்பே கிள்ளான் வட்டாரம் இப்பாடத்தைக் கற்றுக்கொண்டது.

மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதை ரொனால்ட் ரோஸ் என்னும் மருத்துவர் 1897இல் இந்தியாவில் செய்த ஆய்வு காட்டியது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1901இல், மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளானில் பணியேற்றார். அப்போது அந்நகரில் மலேரியா தலைவிரித்தாடியது. அதே ஆண்டில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாக நோயில் விழுந்தனர். இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுவே. வாட்சன் அங்கிருந்த சதுப்புநிலத்தை வடியச் செய்தார். நகரை ஒட்டிய காட்டையும் வெட்டிச் சீர்ப்படுத்தினார். நிழலான சதுப்பு நீரில் வளர்ந்த கொசு வகை குறைந்தது. அதனுடன் மலேரியாவும் விரைவாகக் குறைந்தது.

ஆனால், மலைப்பாங்கான தோட்டங்களில் இதே முறை எதிர்மாறான விளைவைத் தந்தது. ரப்பர் பயிரிடுவதற்காகக் காடு அழிக்கப்பட்டபோது, அதுவரை மர நிழலில் ஓடிய ஓடைகளின்மீது வெயில் பட்டது. வெயில் படும் தெளிந்த நீரோடையை விரும்பும் வேறொரு கொசு வகை அங்கே பெருகியது. அத்தோட்டங்களில் வேலை செய்தவர்களுள் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள். காட்டை அழித்துப் பால்மரம் நட்ட கைகளே மலேரியாவால் நடுங்கின. லயங்களில் எண்ணற்றோர் மடிந்தனர். பின்னர், ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய்வழிச் செலுத்தியும் நீரின்மீது எண்ணெய் தெளித்தும் அந்நோயைக் கட்டுப்படுத்தினர்.

இவ்வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, நிலத்தையும் நீரையும் மனிதன் மாற்றும்போது, தான் அறியாமலேயே நோய் பரப்பும் உயிரினங்களின் வாழ்விடத்தையும் மாற்றுகிறான். இரண்டாவது, எல்லா இடங்களுக்கும் பொருந்தும் ஒரே தீர்வு இல்லை. எந்தக் கொசு, எங்கே, எப்படி வாழ்கிறது என்பதை அறிந்த பின்னரே அதை வெல்ல முடியும். அன்று மாற்றம் ஒரு தோட்டத்தில் நிகழ்ந்தது. இன்றோ உலகம் முழுவதற்கும் நிகழ்கிறது.

கொசுவின் உடலும் காற்றின் வெப்பமும்

மனித உடலின் வெப்பநிலை ஏறக்குறைய 37 பாகையில் நிலையாக இருக்கும். வெளியே வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் அது பெரிதாக மாறுவதில்லை. கொசுவுக்கு அத்தகைய அமைப்பு இல்லை. சுற்றியுள்ள காற்றின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். எனவே, காற்று சூடானால் கொசுவின் உடலில் நிகழும் அனைத்துச் செயல்களும் விரைவடைகின்றன.

டிங்கியைப் பரப்புவது ஏடிஸ் என்னும் கொசு. உடலிலும் கால்களிலும் வெள்ளைப் பட்டைகள் கொண்ட இக்கொசு பெரும்பாலும் பகலில், குறிப்பாகக் காலையிலும் அந்திவேளையிலும் கடிக்கும். பெண் கொசுவே கடிக்கும். முட்டைகள் வளர்வதற்கு அதற்கு இரத்தம் தேவை. வெப்பம் உயரும்போது இக்கொசுவின் வாழ்வில் மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன.

முதலாவது, முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகும் காலம் சுருங்குகிறது. நம் நாட்டின் வெப்பத்தில் இதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாள்கள் போதும். குளிர்ந்த இடங்களில் இதைவிட நீண்ட காலம் பிடிக்கும். இரண்டாவது, குடித்த இரத்தம் விரைவில் செரிப்பதால் கொசு மீண்டும் விரைவிலேயே இரத்தம் தேடிப் பறக்கிறது. கடிக்கும் தடவைகள் கூடுகின்றன.

மூன்றாவது மாற்றமே மிகவும் முக்கியமானது. நோயாளியைக் கடித்த கொசு உடனே அடுத்தவருக்கு நோயைத் தந்துவிடாது. இரத்தத்துடன் சென்ற வைரஸ் கொசுவின் வயிற்றில் பெருகி, அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வேண்டும். அதன் பிறகுதான் அக்கொசு நோய் பரப்பும் ஆற்றலைப் பெறும். இதற்கு எடுக்கும் காலம் வெப்பத்தைப் பொறுத்தது. 1987இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 30 பாகை வெப்பத்தில் வைக்கப்பட்ட கொசுக்கள் நோயைப் பரப்ப 12 நாள்கள் ஆயின. 32 பாகையிலும் 35 பாகையிலும் வைக்கப்பட்ட கொசுக்களுக்கு 7 நாள்களே போதுமானவையாக இருந்தன.

இதை ஓர் எளிய கணக்கின்வழி புரிந்துகொள்ளலாம். வைரஸ் புகுந்த பிறகு ஒரு கொசு 20 நாள்கள் உயிர்வாழ்வதாக வைத்துக்கொள்வோம். வைரஸ் வளர 12 நாள்கள் தேவைப்பட்டால், அக்கொசு நோய் பரப்புவதற்கு எஞ்சியிருப்பவை 8 நாள்கள். 7 நாள்களே போதுமானால், எஞ்சியிருப்பவை 13 நாள்கள். இரண்டு பாகை வேறுபாடு, ஒரே கொசு நோய் பரப்பும் காலத்தை ஒன்றரை மடங்குக்கும் மேலாக நீட்டிவிடுகிறது.

அப்படியானால் வெப்பம் ஏற ஏற டிங்கியும் முடிவின்றி ஏறுமா? ஏறாது. மிகுந்த வெப்பம் கொசுவின் ஆயுளைக் குறைத்துவிடும். டிங்கி பரவுவதற்கு ஏறத்தாழ 29 பாகை மிகவும் ஏற்ற வெப்பநிலை என்றும், 34 பாகையைத் தாண்டினால் பரவல் வெகுவாகக் குறையும் என்றும் ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். நம் நாட்டுத் தாழ்நிலங்களின் சராசரி வெப்பநிலை அந்த 29 பாகையை நெருங்கியே இருக்கிறது. ஆகவே, சிறிய உயர்வுகூட இன்றைய நிலையில் கொசுவுக்கே சாதகமாகும்.

மழையும் வறட்சியும்

பருவநிலை மாற்றம் என்பது வெப்ப உயர்வு மட்டுமன்று. சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். அதனால் மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. மழை இல்லாத காலத்தில் வறட்சி கடுமையாகிறது. இவ்விரண்டுமே கொசுவுக்கு உதவக்கூடும்.

கனமழை வடிகால்களில் உள்ள புழுக்களை அடித்துச் சென்றுவிடும். ஆனால், மழை ஓய்ந்த பின்னர்ப் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பூச்சாடித் தட்டு, கூரைத் தாரை, தூக்கியெறியப்பட்ட நெகிழிக் குவளை என எங்கும் நீர் தேங்கி நிற்கும். ஏடிஸ் கொசுவுக்குக் குளமும் குட்டையும் தேவையில்லை. ஒரு தேக்கரண்டி நீரே அதற்குப் போதும்.

வறட்சியில் வேறு விதமாக ஆபத்து நேர்கிறது. குழாய் நீர் தடைப்படும்போது மக்கள் தோம்புகளிலும் வாளிகளிலும் நீரைச் சேமிக்கின்றனர். 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிலாங்கூரில் நீர்ப் பங்கீடு நடைமுறைக்கு வந்தபோது பல வீடுகள் இவ்வாறே நீரைச் சேமித்தன. மூடப்படாத தோம்பு கொசுவுக்குக் கட்டிக்கொடுத்த வீடாகிவிடும். மேலும், ஏடிஸ் கொசுவின் முட்டைகள் காய்ந்த பாத்திரத்தின் விளிம்பில் பல மாதங்கள் அழியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மீண்டும் நீர் பட்டவுடன் அவை பொரிந்துவிடும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் வலியுறுத்துவது இதனால்தான்.

புதிய இடங்களை நோக்கி

வெப்பம் உயரும்போது, முன்பு கொசு வாழ முடியாத குளிர்ந்த இடங்களும் அதற்கு வாழ்விடமாகின்றன. இமயமலை அடிவாரத்து நாடான நேப்பாளத்தில் 2004ஆம் ஆண்டில்தான் டிங்கி முதன்முதலாகப் பதிவாகியது. 2022இல் அங்கு 50,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள காட்மண்டு பள்ளத்தாக்கே அவ்வாண்டில் பெரிதும் பாதிக்கப்பட்டது. நம் நாட்டின் கேமரன் மலை நகரங்களும் ஏறத்தாழ அதே உயரத்தில் அமைந்துள்ளன என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஐரோப்பாவிலும் இதே போக்கு தென்படுகிறது. பிரான்ஸ் நாட்டில் வெளிநாடு செல்லாதவர்களுக்கும் 2010இல் டிங்கி கண்டது. 2022ஆம் ஆண்டில் மட்டும் அவ்வாறு 65 பேர் பாதிக்கப்பட்டனர். உலக அளவில், 2000ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்திற்கு அறிவிக்கப்பட்ட டிங்கிச் சம்பவங்கள் ஏறக்குறைய 505,000. 2019இல் அது 5.2 மில்லியனாக உயர்ந்தது. 2024இல் 14 மில்லியனைத் தாண்டியது.

வெள்ளமும் பிற நோய்களும்

டிங்கி ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. 2014 டிசம்பரில் கிளந்தானைச் சூழ்ந்த பெருவெள்ளத்தில் இலட்சக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறினர். வெள்ளம் வடிந்த பின்னர் அங்கு எலிச்சிறுநீர்க் காய்ச்சல் கூடியது. எலியின் சிறுநீரில் உள்ள பாக்டீரியா வெள்ள நீரிலும் சேற்றிலும் கலந்து, காலில் உள்ள சிறு வெட்டுக்காயத்தின் வழியாகக்கூட உடலுக்குள் புகுந்துவிடும். வீட்டைத் துப்புரவு செய்யும்போது காலுறையும் நீண்ட ரப்பர்க் காலணியும் அணிய வேண்டும் என்பது இதனால்தான். கிணற்று நீரோடு கழிவுநீர் கலந்தால் வாந்திபேதி, வயிற்றுப்போக்கு முதலியனவும் தொடரும்.

பாகிஸ்தானில் 2022இல் ஏற்பட்ட மாபெரும் வெள்ளத்திற்குப் பிறகு, தேங்கிய நீரில் கொசுக்கள் பெருகின. முந்திய ஆண்டோடு ஒப்பிடும்போது அந்நாட்டில் மலேரியாச் சம்பவங்கள் ஏறக்குறைய ஐந்து மடங்காயின.

நம் நாட்டிலோ, மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசுவழி பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் பதிவாகவில்லை. இது பெரும் சாதனை. எனினும், குரங்குகளிடமிருந்து கொசுவழி மனிதருக்குப் பரவும் ஒரு வகை மலேரியாவால் அதே 2018இல் 4,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். காடு சுருங்கும்போது குரங்கும் கொசுவும் மனிதனும் ஒருவரையொருவர் நெருங்குகின்றனர். நூறாண்டுகளுக்கு முன் மலைத்தோட்டங்கள் கண்ட பாடத்தை இது நினைவூட்டுகிறது.

2030 முதல் 2050 வரையிலான காலத்தில், ஊட்டச்சத்துக் குறைவு, மலேரியா, வயிற்றுப்போக்கு, வெப்பத் தாக்கம் ஆகியவற்றால் பருவநிலை மாற்றம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 250,000 கூடுதல் மரணங்களை ஏற்படுத்தும் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

வெப்பம் மட்டுமா காரணம்?

நோய் கூடியதற்கெல்லாம் பருவநிலை மாற்றமே காரணம் என்று சொல்லிவிடலாமா? அவ்வாறு சொல்வது அறிவியல் நோக்கு ஆகாது. நம் நாட்டின் புள்ளிவிவரங்களைச் சற்று உற்றுநோக்குவோம்.

2013இல் மலேசியாவில் 43,346 டிங்கிச் சம்பவங்கள் பதிவாயின. மறு ஆண்டில் அவை 108,698 ஆயின. ஓராண்டில் இரண்டரை மடங்கு உயர்வு! பத்தாண்டுகளில் கால் பாகைகூட முழுமையாக ஏறாத வெப்பநிலை, ஓராண்டில் இவ்வளவு பெரிய ஏற்றத்தைத் தனியாக உண்டாக்கியிருக்க முடியாது. 2019இல் 130,101 பேர் பாதிக்கப்பட்டு 182 பேர் மாண்டனர். 2021இல் எண்ணிக்கை 26,365 ஆகக் குறைந்தது. அதற்குள் நம் நாடு குளிர்ந்துவிடவில்லை. கோவிட்-19 பெருந்தொற்றால் மக்கள் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. நடமாட்டம் திரும்பியதும் 2023இல் எண்ணிக்கை மீண்டும் 123,133ஐ எட்டியது.

ஆனால், பெருந்தொற்று தொடங்கிய 2020ஆம் ஆண்டில் அண்டை நாடான சிங்கப்பூரில் டிங்கி முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உயர்ந்து, 35,000 சம்பவங்களைத் தாண்டியது. பகல் முழுவதும் வீட்டிலேயே இருந்தவர்களை வீட்டுக்குள் வாழும் ஏடிஸ் எளிதாகக் கடித்தது. அதே நேரத்தில், அங்கு நெடுங்காலமாக அரிதாக இருந்த ஒரு வைரஸ் வகையும் பரவத் தொடங்கியிருந்தது.

டிங்கி வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகையால் நோயுற்றுத் தேறியவருக்கு அவ்வகைக்கு எதிரான ஆற்றல் நிலைத்திருக்கும். மற்ற மூன்றுக்கும் எதிரான ஆற்றல் நீடிப்பதில்லை. இரண்டாம் முறை வேறொரு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் அபாயமும் கூடுகிறது. எனவே, ஒரு நாட்டில் ஓங்கியிருக்கும் வைரஸ் வகை மாறும்போது நோய் திடீரெனப் பெருகும். இவற்றோடு நெருக்கமான நகர வாழ்வு, விமானப் பயணம், அள்ளப்படாத குப்பை, பாதியில் கைவிடப்பட்ட கட்டுமானத் தளம் ஆகியவையும் நோயை வளர்க்கின்றன.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? ஆண்டுக்கு ஆண்டு ஏற்படும் ஏற்ற இறக்கத்திற்கு வைரஸ் வகையும் மனித நடமாட்டமும் பெரும் காரணங்கள். அந்த ஏற்ற இறக்கம் நிகழும் மேடையை மெல்ல மெல்ல உயர்த்துவது பருவநிலை மாற்றம். ஈர விறகு எரியத் தயங்கும். காய்ந்த விறகில் ஒரு தீப்பொறி போதும். வெப்பம் விறகைக் காயவைக்கிறது. தீப்பொறி வேறு எங்கிருந்தும் வரலாம்.

அரசும் அறிவியலும்

நம் நாட்டில் டிங்கி நோயாளியைக் கண்டறிந்த மருத்துவர் 24 மணி நேரத்திற்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்கீழ், கொசுப்புழுக்கள் காணப்படும் இடத்தின் உரிமையாளருக்குத் தண்டம் விதிக்கப்படலாம்.

நோய் கண்ட குடியிருப்பில் சுகாதாரப் பணியாளர்கள் புகையடிப்பதை நாம் பார்த்திருப்போம். புகை வந்துவிட்டால் கவலை தீர்ந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். அப்புகை அப்போது பறந்துகொண்டிருக்கும் கொசுக்களைத்தான் கொல்லும். நீரில் நெளியும் புழுக்களையும் விளிம்பில் ஒட்டிய முட்டைகளையும் அது தொடுவதில்லை. சில நாள்களில் புதிய கொசுக்கள் வெளிவந்துவிடும். ஒரே மருந்தைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அம்மருந்தைத் தாங்கும் கொசுக்களும் பெருகும். எனவே, புகையடித்தல் அவசர உதவி மட்டுமே.

அறிவியலாளர்கள் இப்போது கொசுவைக் கொண்டே நோயைத் தடுக்க முயல்கின்றனர். வொல்பாக்கியா என்பது பல பூச்சிகளின் உடலில் இயற்கையாக வாழும் ஒரு பாக்டீரியா. அது ஏடிஸ் கொசுவின் உடலில் இருந்தால் டிங்கி வைரஸ் அங்கு எளிதில் பெருக முடியாது. சிலாங்கூரில் 2017இல் தொடங்கிய ஆய்வில் இத்தகைய ஆண், பெண் கொசுக்கள் குடியிருப்புகளில் விடப்பட்டன. அவ்விடங்களில் டிங்கிச் சம்பவங்கள் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தன. சிங்கப்பூர் ஆண் கொசுக்களை மட்டும் விடுகிறது. அவற்றோடு இணையும் பெண் கொசுக்களின் முட்டைகள் பொரிவதில்லை. ஆண் கொசுக்கள் கடிப்பதும் இல்லை.

இதிலும் வெப்பம் குறுக்கிடுகிறது. வொல்பாக்கியாவின் சில வகைகள் கடும் வெப்பத்தில் கொசுவின் உடலிலிருந்து மறைந்துவிடக்கூடும். ஆகவே, நம் நாட்டு ஆய்வில் வெப்பத்தை நன்கு தாங்கும் வகையே தேர்ந்தெடுக்கப்பட்டது. உலகம் சூடாகும்போது நோயோடு சேர்த்து மருந்தையும் மறுபடி சிந்திக்க வேண்டியுள்ளது.

நம் கையில் உள்ளவை

முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள்கள் ஆகும் என முன்பே கண்டோம். வாரம் ஒருமுறை பத்து நிமிடங்கள் ஒதுக்கி வீட்டின் உள்ளும் புறமும் தேங்கிய நீரைத் தேடி அகற்றினால், கொசு பறக்கத் தொடங்குவதற்கு முன்பே அதன் வாழ்க்கைச் சுழற்சி அறுந்துவிடும். சுகாதார அமைச்சு வாரந்தோறும் பத்து நிமிடங்கள் கேட்பதற்கான காரணம் இதுவே. இரு வாரங்களுக்கு ஒருமுறை செய்தால் ஒரு தலைமுறைக் கொசுக்கள் தப்பிவிடும்.

பூச்சாடித் தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, குளியலறை வாளி, குளிர்சாதனக் கருவியின் நீர் சொட்டும் இடம், கூரைத் தாரை, கோவில், மண்டப வளாகங்களில் கிடக்கும் பாத்திரங்கள் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். கொட்ட இயலாத நீரில் அபேட் மருந்தைக் குறிப்பிட்ட அளவில் இடலாம். ஏடிஸ் கொசு பொதுவாகத் தான் பிறந்த இடத்திலிருந்து நெடுந்தூரம் பறப்பதில்லை. நம்மைக் கடிக்கும் கொசு நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிறந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். ஆகவே, ஒரு தாமானில் ஒன்பது வீடுகள் தூய்மையாக இருந்தும் பத்தாவது வீடு பூட்டிக் கிடந்தால், அனைவருக்கும் ஆபத்துதான். கூட்டுத் துப்புரவுப் பணி அண்டை வீட்டாரையும் காக்கும் கடமையாகிறது.

நோய் கண்டபின் செய்ய வேண்டியதையும் அறிந்திருக்க வேண்டும். டிங்கியைக் குணப்படுத்தும் தனி மருந்து இல்லை. திடீர்க் காய்ச்சல், கண்ணின் பின்புற வலி, மூட்டு வலி, தோலில் சிவப்புப் புள்ளிகள் ஆகியவை அறிகுறிகள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்றவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது. அவை இரத்தக்கசிவை மோசமாக்கும். மருத்துவர் கூறும் அளவில் பராசிட்டமால் உட்கொண்டு, நிறைய நீராகாரம் அருந்த வேண்டும். காய்ச்சல் இறங்கியதும் நோய் போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தணியும் வேளையே பலருக்கு ஆபத்தான கட்டம். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முடிவுரை

தேங்கிய நீரைக் கொட்டுவது இந்த வாரத்துக் கொசுவைத் தடுக்கும். வளிமண்டலத்தில் சேரும் கரிவளியைக் குறைப்பது அடுத்த தலைமுறையின் கொசுவைத் தடுக்கும். பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துதல், மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுதல், காட்டையும் சதுப்புநிலத்தையும் காத்தல் ஆகியவற்றைப் பொதுச் சுகாதாரப் பணிகளாகவும் நாம் கருத வேண்டும். மருத்துவமனையில் பணிபுரிவோர் மட்டும் உடல்நலத்தைக் காப்பவர்கள் அல்லர்; வடிகாலைத் திட்டமிடும் பொறியியலாளரும், குப்பையை அள்ளும் தொழிலாளரும், வாளியைக் கவிழ்த்து வைக்கும் மாணவரும் அப்பணியில் பங்கு பெறுகின்றனர்.

மால்கம் வாட்சன் காலத்தில், நோய் பெருகிய பிறகே அதன் காரணம் புலப்பட்டது. இன்று காரணத்தை நாம் முன்கூட்டியே அறிந்திருக்கிறோம். வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பதை அறிந்தவர்கள், அணை போடாமல் இருப்பதற்குச் சாக்குச் சொல்ல இயலாது.

அருஞ்சொற்பொருள்

கரிவளி – எரிபொருள் எரியும்போது வெளிப்படும் வாயு; பூமியைச் சூடாக்குவது
சதுப்புநிலம் – நீர் ஊறி எப்போதும் சேறாக இருக்கும் நிலம்
லயம் – தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்
தோம்பு – நீர் சேமிக்கும் பெரிய உருளைக் கலன்
நீர்ப் பங்கீடு – முறைவைத்து நீர் வழங்குதல்
தண்டம் – சட்டத்தை மீறியதற்குச் செலுத்தும் பணம்

கருத்துணர்தல் கேள்விகள்

1. கிள்ளான் நகரில் பயன் தந்த மலேரியா ஒழிப்பு முறை, மலைப்பாங்கான தோட்டங்களில் ஏன் பயன் தரவில்லை?
2. வெப்பநிலை உயர்வு ஏடிஸ் கொசுவின் வாழ்வில் ஏற்படுத்தும் மூன்று மாற்றங்களை விளக்கி எழுதுக.
3. மழையும் வறட்சியும் எதிரெதிரானவை. இரண்டுமே டிங்கி பரவக் காரணமாவது எவ்வாறு?
4. 'வெப்பம் விறகைக் காயவைக்கிறது. தீப்பொறி வேறு எங்கிருந்தும் வரலாம்.' இத்தொடர் உணர்த்தும் கருத்து யாது?
5. உன் குடியிருப்பில் நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டில் நீர் தேங்கி நிற்கிறது. அதனை அகற்ற நடவடிக்கை எடுக்கக் கோரி நகராண்மைக் கழகத்திற்குக் கடிதம் ஒன்று எழுதுக.
6. 'டிங்கியை ஒழிக்கப் புகையடித்தலே சிறந்த வழி.' இக்கூற்றை ஒட்டியும் வெட்டியும் குழுவில் கலந்துரையாடுக.